மூன்றில் எது என்று கேட்டாய்

முருகேசா,

உன் வீடியோவை முழுதாகப் பார்த்தேன். நடுவில் நிறுத்திவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை கை போனது. எவ்வளவு மோசமான விடைத்தாளாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை படித்துத்தான் மார்க் போட்டுப் பழக்கம் எனக்கு. அதனால் பார்த்தேன். புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கடவுள் இல்லைன்னு லாஜிக்கால நிரூபிக்க முடியுமா? முடியும். என் குடும்பத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தை வச்சுச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாய். கீழே ஒரே பாராட்டு. யாரோ ஒருவர் "செம அடி" என்று எழுதியிருந்தார். அடி யாருக்கு விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போனில் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். போனில் நீ என்னை முழுதாகப் பேச விடமாட்டாய், "ஒரு நிமிஷம்மா, உங்க ஆரம்பமே தப்பு" என்பாய். நீ ஊரறியப் பேசினாய். நானும் ஊரறிய எழுதுகிறேன். இதற்கு அனுமதி கேட்க வேண்டியவளிடம் கேட்டுவிட்டேன்.

நீ சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, நடந்ததை முதலில் சொல்கிறேன். தென்காசியில் நம் வீட்டுக்கு எதிர்வீடு ஜன்னத்தின் வீடு. அவள் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். ஒரே பையன், ரியாஸ். உன் தங்கை உமாவின் மகள் நிலாவும் அவனும் இலஞ்சியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. போன குற்றாலச் சீசனில் அடித்த காற்று உனக்குத் தெரியாது, நீ பெங்களூரில் இருந்தாய். வீட்டு ஓடு பறக்கிற காற்று. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோமேல் இலஞ்சிப் பாதையில் ஒரு பழைய புளியமரத்தின் பெரிய கிளை முறிந்து விழுந்தது. விழுந்தது ஒரு ஓரத்தில். அந்த ஓரத்தில் இருந்த ரியாஸ் அங்கேயே போய்விட்டான். மறு ஓரத்தில் இருந்த நிலாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. ரியாஸின் வாப்பா மகன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது போன் திரையில்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். யாராவது ஒருவர் பிடிக்க வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு நிலா சொன்னாள், "ஆச்சி, நானும் ரியாஸும் வழியில இடம் மாறி உக்காந்தோம்." அப்போது அறையில் இருந்தது நான், உமா, உன் பெரியப்பா. நான் உடனே சொன்னேன், இந்தப் பேச்சு இந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிற ஒருத்திக்கு இதைத் தெரியப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரியப்பாவும் தலையை ஆட்டினார். ஆனால் அவருக்கு அது பெரிய அற்புதமாகத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே இலஞ்சிக் குமரனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நிலாவின் கால் கட்டைப் பிரித்த பிறகு, நீ லீவு போட்டு வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நேர்த்திக்கடன் முடிந்து நம் வீட்டில் சாப்பாடு. அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா உன்னைப் பிடித்துக்கொண்டார். அவர் போலீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் கேஸ் மாதிரியே பேசுவார். "ஏலே, சேத்துல கால்தடம் கெடந்தா ஒருத்தன் நடந்து போயிருக்கான்னு அர்த்தம். இம்புட்டுப் பெரிய ஒலகம் கெடக்கு, நடந்தவன் இல்லேங்கியே, என்னலே ஞாயம்?" என்றார். "அப்ப நடந்தவனப் பெத்தது யாரு பெரியப்பா? அவருக்கு மட்டும் அப்பன் ஆத்தா வேண்டாமா?" என்றாய் நீ. அதுவரை சிரிப்புத்தான். நானே அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்குச் சுருக்கென்றது. வாயில் வந்துவிட்டது. "சரிலே, அதெல்லாம் விடு. மரம் விழுறதுக்குக் கொஞ்சம் முன்னால நம்ம பிள்ளைய அந்த ஓரத்துலேருந்து இந்த ஓரத்துக்கு மாறி உக்கார வச்சது யாரு? சொல்லு பாப்போம். முருகன்லே! கண்ணால பாத்த சாட்சி அவ கால்ல கெடக்கு!"

நீ ஒரு கணம் திகைத்தாய். இடம் மாறிய விஷயம் உனக்கே அப்போதுதான் தெரியும். அந்த ஒரு கணத்தில் நீ என்ன நினைத்தாய் என்பதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐயோ என்று நினைத்தாயா, கிடைத்தது என்று நினைத்தாயா? குரலை உயர்த்தினாய். "அப்ப நிலா இருந்த இடத்துல ரியாஸ உக்கார வச்சது யாரு பெரியப்பா? அதுவும் உங்க முருகன்தான? அவன அங்க உக்கார வச்சு மரத்தத் தள்ளினாரா? ரெண்டு பிள்ளையையும் காப்பாத்த அவருக்கு முடியலையா, மனசில்லையா, இல்ல அப்படி ஒருத்தர் இல்லவே இல்லையா? மூணுல எது? சொல்லுங்க, மூணுல எது?"

பின்வாசலில் ஜன்னத் நின்றுகொண்டிருந்தாள். நிலாவுக்குப் பிடிக்கும் என்று வட்டிலப்பம் செய்து எடுத்து வந்திருந்தாள். மகன் போனபிறகு அவள் வீட்டு அடுப்பில் இனிப்பு என்று ஏறியது அதுதான் முதல் தடவை. உன் பெரியப்பா சொன்னதும் அவள் காதில் விழுந்தது, நீ சொன்னதும் விழுந்தது. பாத்திரத்தை அடுப்படி மேடையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். "தெரியுமா டீச்சர்?" என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு போய்விட்டாள். கூடத்தில் இருந்து நீ திரும்பிப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். பார்த்தாய் என்பது உன் வீடியோ மூலமாகத்தான் எனக்கு உறுதியானது. அதில் நீ சொல்கிறாய்: "இறந்துபோன பக்கத்து வீட்டுப் பையனோட அம்மா அங்கதான் நின்னுட்டிருந்தாங்க. அவங்ககிட்டயும் இதுக்குப் பதில் இல்ல."

பதிலா? அவள் உன்னிடம் பரீட்சை எழுதவா வந்தாள்? இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோதுதான் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் என்று இருந்தது. பேச்சுப் போட்டியில் எதிரணி வாயடைத்துப் போனதைச் சொல்வதுபோல எவ்வளவு திருப்தியாகச் சொன்னாய்! ஒரு தாய் பேசாமல் போனதை உன் பக்கத்துச் சாட்சியாக எழுதிக்கொண்டாய். பெரியப்பா நிலாவின் காலைச் சாட்சி என்றார், நீ ஜன்னத்தின் வாயைச் சாட்சி என்கிறாய். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம், சொல்.

பெரியப்பாவை நான் விட்டுவைத்தேன் என்று நினைக்காதே. நீ சாயங்கால பஸ் ஏறியதும் அவரிடம் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். "அத்தான், எம்பேத்தி பொழைச்சதுக்கு நீங்க சாமிக்கு நன்றி சொல்லுங்க, நானும் சொல்லுதேன். ஆனா அதுக்குக் காரணம் கண்டுபிடிச்சு ஊருக்குச் சொல்லாதீங்க. நீங்க சொல்லுத காரணம் உண்மைன்னா எதிர்வீட்டுப் பிள்ள அதுக்குக் குடுத்த வெலைன்னு ஆவுது. அப்படியொரு கணக்குப் பாக்குத சாமி எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "நான் அப்படி நெனைச்சுச் சொல்லலம்மா" என்றார். "நெனைக்காமச் சொன்னதுதான் தப்பு" என்றேன். மறுநாள் ஜன்னத்தின் வீட்டு வாசல்வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கதவு திறக்காமல் திரும்பி வந்தார். அவர் நம்பிக்கை மாறவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறார். அற்புதக் கதையை மட்டும் அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. படிக்காதவரா அவர்? இல்லை. இருந்தாலும் உன் அளவுக்குப் படிக்கவில்லை. ஆனாலும் அவருக்கு ஒரே நாளில் புரிந்தது.

இனி உன் லாஜிக்குக்கு வருகிறேன். அதற்கு வராமல் திட்டினால், அம்மா அழுது மழுப்பிவிட்டாள் என்பாய். இந்த வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான். அடுப்படித் தரையில் சாக்பீஸால் எழுதி, இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறு எண் என்று முதலில் வைத்துக்கொள், அதை நம்பிக்கொண்டே நட, எங்கே போய் முட்டுகிறாய் என்று பார் என்று சொல்லிக்கொடுத்தேன். முட்டியதும் நீ கைதட்டிக் குதித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதே வழியில்தான் இப்போதும் நடந்திருக்கிறாய். எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முழுக்க நல்லவரான ஒரு கடவுள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அவர் இருந்தால் குழந்தை மேல் மரம் விழ விடமாட்டார், விழுந்தது, ஆகவே அவர் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு நடந்த நடையில் பெரிய பிசகு இல்லை. நடைக்கு மார்க் போடுகிறேன். ஆனால் இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது? முழுக்க நல்லவர் என்றால் மரம் விழ விடமாட்டார் என்று யார் நிறுவிக் கொடுத்தார்கள்? விட்டதற்கு நமக்கு எட்டாத ஒரு நியாயம் இருக்கும் என்று ஒருவர் சொன்னால், எனக்கு அது கேட்கவே பிடிக்காது, பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனால் பிடிக்காதது வேறு, பொய் என்று நிறுவுவது வேறு. இந்த இரண்டையும் நீ குழப்பியிருக்கிறாய்.

சரி, அந்த வரியையும் உனக்கே விட்டுத் தருகிறேன். அப்போதும் நீ இல்லையென்று ஆக்கியது எந்தச் சாமியை? பெரியப்பா அன்றைக்கு வாயால் வரைந்த சாமியை. நம் வயக்காட்டோரம் நிற்கிற சுடலைமாடன் முழுக்க நல்லவன் என்று எவன் சொன்னான்? கோபக்காரன், கேட்டதைக் கொடுக்காவிட்டால் கையைக் காலை முடக்குவான் என்று பயந்துகொண்டேதான் அவனைக் கும்பிடுகிறார்கள். உன் நிரூபணம் அவன் பக்கத்தில்கூடப் போகாது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிற கடவுள் என்று ஒருவர் சொன்னால் அங்கேயும் போகாது. ஒரு படத்தைக் கிழித்துவிட்டு, கடவுள் இல்லை என்று நிரூபித்தாயிற்று என்று தலைப்புப் போட்டுவிட்டாய். பெரியப்பாவின் கால்தடமும் அப்படித்தான். ஒருவர் நடந்தார் என்றே வைத்தாலும் அவர் இலஞ்சியில் நிற்கிற முருகன் என்பது அந்தத் தடத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எடுகோளை, முதலில் வைத்துக்கொள்ளும் வரியை, கையில் கொடுத்தால் லாஜிக் நம்மைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எடுகோளை அது தராது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதான் போகும் என்ற எடுகோளை நிறுவப் பார்த்து எத்தனை தலைமுறை கணக்குக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! கடைசியில் அதை ஒப்புக்கொண்டாலும் ஒரு வடிவியல் நிற்கிறது, மறுத்தாலும் இன்னொன்று நிற்கிறது என்று கண்டார்கள். கடவுளும் அப்படியேதான் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கும் என்னிடம் நிரூபணம் கிடையாது. எல்லாக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று ஒரு விடை வந்தே தீரும் என்ற திமிர் உனக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன். என்னிடமிருந்து வரவில்லை.

சின்ன வயதில் உனக்கு அந்தத் திமிர் இல்லை. பத்து வயது இருக்கும், குற்றாலத்துக்குப் போயிருந்தோம், சீசன் முடிகிற நேரம். மெயினருவி முன்னால் நின்று, "சாமி இருந்தா நாளைக்கு இந்தத் தண்ணி நிக்கட்டும்" என்று சவால் விட்டாய். மறுநாள் அப்பா வந்து அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டது என்றார். நீ பயந்துபோய் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ராத்திரி சோறு தின்னும்போது மெல்லக் கேட்டாய், "நான் கேக்காட்டியும் நின்னுருக்கும்லாம்மா? சீசன் முடிஞ்சிட்டுல்லா?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப தண்ணி கொட்டியிருந்தா சாமி இல்லன்னு ஆயிருக்குமோ?" என்று மடக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நீ சொன்னாய், "ஆகாது. எம்பேச்சக் கேக்க அதுக்கு இஷ்டமில்லாம இருந்திருக்கும்." அந்தப் பத்து வயதுப் பையன் உன்னைவிடக் கெட்டிக்காரன். அவன் அதை வீடியோ போட்டு ஊருக்குக் காட்டவில்லை.

என்னைக் கேட்பாய், நீங்கள் எந்தப் பக்கம் என்று. நான் விளக்கு ஏற்றுகிறேன். நிரூபி என்றால் முடியாது. நிறுத்து என்றால் நிறுத்தமாட்டேன். நீ ஏற்றாமல் இருப்பதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. நம்பாத மகனோடு இத்தனை வருஷம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நீ நம்பவில்லை என்பதற்காக இந்தக் கடிதம் இல்லை. அதை இதில் கலந்து தப்பித்துக்கொள்ளாதே.

அன்றைக்குப் போன ஜன்னத் பல நாள் கதவைத் திறக்கவில்லை. நான் போய்த் தட்டுவேன், உள்ளே நடமாட்டம் கேட்கும். நிலா ஜன்னல் வழியாக எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு உன் வீடியோ வந்தது. ஜன்னத்தின் தம்பி போனில் அவளுக்குக் காட்டியிருக்கிறான். பார்த்த மறுநாள் காலையில் அவளே வந்தாள். நான் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நிற்கிறாள், உட்காரவில்லை. நான் ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், அல்லாட்ட எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. அஞ்சு வக்துத் தொழுகையிலயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அழுதும் கேக்கேன், கோவப்பட்டும் கேக்கேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. உங்க மவன் எதுக்கு நடுவுல எனக்கு வக்கீலா வாறாரு? நான் வச்சனா?"

சோப்புக் கையோடு நின்றேன்.

"பக்கத்து வீட்டுப் பையன், பக்கத்து வீட்டுப் பையன்னே சொல்லுதாரு. பேரு இல்லையா எம்புள்ளைக்கு? கூடப்பொறந்த தங்கச்சி மவளோட வெளயாடுன புள்ள. ஒருக்கா ரியாஸ்னு சொன்னா வாய் வலிக்குமா?"

அன்று கூடத்தில் பெரியப்பாவை மடக்கும்போது அவன் பெயர் உனக்கு நன்றாக வந்தது. உலகத்துக்குச் சொல்லும்போது மறந்துவிட்டது. அல்லது, பெயர் இருந்தால் உதாரணம் சரியாக வராது என்று தோன்றிவிட்டது.

பிறகுதான் அவள் வந்த காரியத்தைக் கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. "எடம் மாறுனாங்கல்லா டீச்சர். மாறச் சொன்னது யாரு? நிலா கேட்டாளா, இவனா போனானா?"

முருகேசா, நீ கேட்டது மூன்றில் எது என்று. அவள் கேட்டது இரண்டில் எது என்று. நிலா கேட்டாள் என்று சொன்னால் அந்தப் பிள்ளையை இனி அவளால் பார்க்க முடியுமா? அவனாகப் போனான் என்றால் அதை எப்படித் தாங்குவாள்? எந்த விடை அவளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் நிலா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். நிலா உட்கார்ந்த பக்கம் சாரல் அடித்திருக்கிறது. சட்டை நனைகிறது என்று இவள் சிணுங்கியிருக்கிறாள். அவன் சொன்னானாம், "ஏட்டி, நீ இங்கன வா, நான் அங்கன போறேன். எனக்கு நனையப் புடிக்கும்."

ஜன்னத் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நனையப் புடிக்கும்னா சொன்னான்?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். அழுகையோடு சிரிக்கவும் செய்தாள். "ஆமா டீச்சர், சாரல் வந்தா வீட்டுக்குள்ள நிக்கமாட்டான். எம்புட்டு அடிச்சிருக்கேன் தெரியுமா, காய்ச்சல் வருமேன்னு. அப்ப தலைய வெளிய நீட்டி நனைஞ்சுக்கிட்டேதான் போயிருக்கான்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளேயிருந்து நிலா நொண்டிக்கொண்டு வந்து அவள் மடியில் தலையை வைத்தாள். ஜன்னத் ஒரு நிமிடம் கையைத் தூக்கவே இல்லை. பிறகு அந்தத் தலையைத் தடவினாள். கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ இதிலிருந்து யாராவது நிரூபிக்க வந்தால் விளக்குமாற்றை எடுப்பேன், அது உன் பெரியப்பாவானாலும் சரி, நீயானாலும் சரி.

இதையெல்லாம் என் மகனுக்கு எழுதட்டுமா, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. பேரப் போட்டு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் பாக்கி. அந்த வீடியோவை அழித்துவிடு. அழித்துவிட்டதைச் சொல்லி இன்னொரு வீடியோ போடாதே. லீவு இல்லை என்று சொல்லாதே, இந்த வாரமே பஸ் ஏறி வா. வந்து எதிர்வீட்டு வாசலில் நில். உன் வாதம் எந்தக் கடவுளைப் பற்றியது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்காதே. மன்னிப்பைக்கூட நன்றாகத் தயார்செய்து கொண்டுவராதே, நீ தயார்செய்தால் அது பேச்சாகிவிடும். அவள் திட்டினால் கேட்டுக்கொள். கதவைத் திறக்கவில்லை என்றால் திறக்கும்வரை நில். என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பது உனக்குப் பழக்கமில்லை, ரொம்பக் கஷ்டமாக இருக்கும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மா